வேலை வாங்கியது யார்?

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வம்பு தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்துக்கொண்டான். கண்ணாடி மேசைக்கு வந்துவிட்டால் கோபம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது குறுக்கே வாயைக் கொடுத்தவன் பிழைத்ததில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது தெரியாது. அவள் வழியிலேயே அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கீழ்த்தளத்தில் இருந்த சலவைக்கடையின் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்ததால், அத்தையின் துப்பறியும் அலுவலகத் தரை எப்போதும்போல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"மறுபடி சொல்லும்மா. நான் யாரைக் கண்டுபிடிக்கணும்?"

"என்னைப் போட்டுக் கொடுத்தவங்களை."

விஷயம் இதுதான். அந்தப் பெண் கடல் கடந்து இந்த ஊருக்குப் படிக்க வந்தவள். உணவுப் பாதுகாப்பில் முதுகலை, கடைசி செமஸ்டர். காலையில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து ஃபோன். அனுமதி இல்லாமல் வெளியே வேலை பார்க்கிறாள் என்று அவள் பேரில் புகார் வந்திருக்கிறதாம். பிற்பகலில் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். பதில் சரியில்லையென்றால் மாணவர் விசா ரத்து. பட்டம் இல்லாமல் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மறுபடி இந்த நாட்டு வாசலை மிதிக்கவும் முடியாது.

"நீ வேலை பாத்தியா, பாக்கலையா?" என்றாள் அத்தை.

"பாத்தேன் ஆன்ட்டி. ஆனா அது வேலை இல்ல, பயிற்சின்னு சொன்னாங்க."

"யாரு?"

"மாமா."

"உன் சொந்த மாமாவா?"

"இல்ல ஆன்ட்டி. நம்ம பசங்க எல்லாரும் அவரை மாமான்னுதான் கூப்பிடுவாங்க. பயிற்சி ஏற்பாடு பண்ணிக் கொடுக்கறவர். அனுமதியெல்லாம் நான் வாங்கிட்டேன், பயிற்சிங்கறதால சம்பளம் கிடையாது, நீ வந்து நின்னா போதும்னார்."

வம்பு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் அத்தையின் அண்ணன் மகன், அவளுக்கு ஒரே உதவியாளன். சம்பளத்தைவிட வசவு அதிகம் வாங்குகிறவன். அவனும் ஒரு காலத்தில் இந்த ஊருக்குப் படிக்க வந்தவன்தான் என்பதால் சட்டம் அவனுக்கு அத்துப்படி. வெளிநாட்டு மாணவர்கள் கல்லூரி வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம், கேன்டீனில் தட்டுக் கழுவலாம். வளாகத்துக்கு வெளியே என்றால் படிப்போடு ஒட்டிய பயிற்சியாக இருக்க வேண்டும். அதற்கும் அந்த அலுவலகம் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வம்பு தட்டுக் கழுவியே படிப்பை முடித்தவன். சட்டத்தைத் தன்னைவிடச் சுத்தமாக எவனும் காப்பாற்றியதில்லை என்று பீற்றிக்கொள்வான்.

"அந்த மாமா வாங்கின அனுமதியை நீ கண்ணால பாத்தியாம்மா?" என்று கேட்டான்.

"இல்லண்ணா."

"அலுவலகத்துல?"

"அப்படி ஒண்ணு வரவே இல்லைன்னு இன்னைக்குக் காலையில சொல்றாங்க."

அத்தையின் உள்ளங்கை மேசையில் விழுந்தது. "படிச்ச பொண்ணுதானே நீ? வாய் இருக்கில்ல? கேக்க மாட்டியா?"

"கேட்டேன் ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண், மெதுவாக. மேலே ஏதோ சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். "அதெல்லாம் சட்டப்படி சரிதான், தைரியமா போன்னுதான் பதில் வந்துது."

மாமாவிடம் கேட்டிருப்பாள், அவன் வாயில் வேறென்ன வரும் என்று வம்பு நினைத்துக்கொண்டான். அத்தையும் அப்படித்தான் நினைத்தாள். இரண்டு பேரும் அன்று செய்த ஒரே தப்பு அது.

"சரி, யார் மேல சந்தேகம்?"

"ரூம்ல கூட இருக்கறவ மேல. அவ வேற நாட்டுப் பொண்ணு. ஹீட்டருக்காக எங்களுக்குள்ள பெரிய சண்டை."

"ஹீட்டருக்காக ஒருத்தி இன்னொருத்தியை நாடு கடத்துவாளா?"

"ஏன் அத்தை, போன மாசம் ஜன்னல் கதவுக்காக நீங்க வீட்டுக்காரரை கோர்ட்டுக்கு இழுக்கலையா?" என்றான் வம்பு.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நீ போய் முகத்தைக் கழுவிட்டு, நேரா அந்த அலுவலகத்துக்கு வந்துடு. நாங்க அதுக்குள்ள உங்க மாமாவைப் பாத்துட்டு வரோம்."

அந்தக் கிடங்கு ஊருக்கு வெளியே, லாரிகள் மட்டும் போகிற ஒரு சாலையின் கடைசியில் இருந்தது. வெளியே 'பயிற்சி மையம்' என்று பளபளக்கும் பலகை. உள்ளே உறைந்த காய்கறிப் பொட்டலங்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. தடித்த கோட்டுப் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று பொட்டலங்களில் பழைய சீட்டை உரித்துவிட்டுப் புதுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. யாரும் நிமிரவுமில்லை. கடைசியில் நின்ற ஒருத்தி மட்டும் கையுறையைக் கழற்றி விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன.

வம்பு பல்லைக் கடித்துக்கொண்டான்.

மாமா மட்டும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஹீட்டர் பக்கத்தில், கதகதப்பாக இருந்தார். வாயைத் திறந்தாலே தேன் ஒழுகியது.

"வாங்க வாங்க. நம்ம ஊர்க்காரங்களைப் பாத்து எவ்வளவு நாளாச்சு. யாரு விஷயமா வந்திருக்கீங்க?" அத்தை அந்தப் பெண்ணின் பெயரையும் அவள் பேரில் வந்த புகாரையும் சொன்னாள். "ஓ, நம்ம சந்தேகமா?"

"சந்தேகமா? அது என்ன?" என்றாள் அத்தை.

"அந்தப் பொண்ணுக்கு இங்க அதான் பேர். எதுக்கெடுத்தாலும் 'மாமா, எனக்கொரு சந்தேகம்'னு கையைத் தூக்கிடும். சீட்டை ஏன் உரிக்கறோம்னு ஒரு சந்தேகம். தேதியை ஏன் மாத்தறோம்னு ஒரு சந்தேகம். நல்ல பொண்ணுதான். வாய்தான் கொஞ்சம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"இங்க என்ன பயிற்சி குடுக்கறீங்க?"

"உணவுப் பாதுகாப்பு."

"சீட்டு ஒட்டறதுக்கா முதுகலைப் பட்டம்?" என்றான் வம்பு. "அப்போ போஸ்ட் ஆபீஸ்ல ஸ்டாம்ப் ஒட்டறவங்களுக்கு டாக்டர் பட்டம் குடுத்துடலாமே."

"தம்பி ரொம்ப வேடிக்கையாப் பேசுது," என்றார் மாமா. சிரிப்பு இப்போது உதட்டோடு நின்றுவிட்டது.

"யாருக்குக் காது குத்தறீங்க?" அத்தையின் கை கண்ணாடிக்குப் போயிற்று. "சம்பளம் இல்ல, அனுமதி இல்ல. பசங்க தலையில மிளகாய் அரைக்கறதுக்கு பயிற்சின்னு ஒரு பேரு."

"அனுமதி எல்லாம் ப்ராசஸ்ல இருக்கும்மா. அந்த அலுவலகத்துல நமக்கு வேண்டப்பட்டவங்க இருக்காங்க, நான் பேசிக்கறேன். நீங்க ஒண்ணு செய்யுங்க. கூட இருக்கற அந்த ரூம் பொண்ணை விசாரிங்க. அதான் போட்டுக் கொடுத்திருக்கும். பொறாமை."

"ரூம் பொண்ணு பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் பிள்ளைங்க மாதிரி இவங்க எல்லாம். எல்லாம் வந்து சொல்வாங்க."

வெளியே வந்ததும் அத்தை கதவை அறைந்து சாத்தினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை. "பிள்ளைங்க மாதிரியாம். பெத்த பிள்ளையை எவன்டா ஐஸ் பெட்டிக்குள்ள நிக்க வைப்பான்?"

"அத்தை, மெதுவா. முன் சீட்டுக்காரர் பயந்து இறங்கிட்டார்."

"இறங்கட்டும். ஒண்ணு கவனிச்சியா? அந்த ஆள் பதறவே இல்ல. இவ மாட்டினா அடுத்து தன் கிடங்குக்கு ஆள் வரும்னு பயம் இருக்கணுமில்ல? அது இல்ல. இவ மட்டும் போனாப் போதும், மத்தது பத்திரம்னு நினைக்கறான். ஏன்?"

 

வெளிநாட்டு மாணவர் அலுவலகம் சுத்தமாக, அமைதியாக, செடிகளும் மெத்தை நாற்காலிகளுமாக இருந்தது. சுவரில் உலகத்துப் பிள்ளைகள் எல்லாரும் கைகோத்துச் சிரிக்கும் படம் ஒன்று. அதன் கீழே அந்தப் பெண் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிகாரி நரைத்த தலையும் கம்பளிச் சட்டையுமாக இருந்த ஒரு பெண்மணி. கெட்டவரில்லை. ஆனால் தன் அலுவலகத்தில் தப்பு நடக்கும் என்று கனவில்கூட நினைத்துப் பார்க்காதவர். அந்த ஊர் மொழியில் நிதானமாகப் பேசினார்.

"இந்தப் புகார் எங்கள் உதவி எண்ணுக்கு ஃபோனில் வந்தது. அழைத்தவர் தன் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் மொழியில் பேசியிருக்கிறார்."

"தமிழ்லயா?" என்று அந்தப் பெண் வம்புவிடம் கிசுகிசுத்தாள். "அப்போ ரூம்ல இருக்கறவ இல்லண்ணா. அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது."

"உங்க சண்டை எந்த மொழியில?"

"சைகையில."

அதிகாரி தொடர்ந்தார். "தமிழ் அழைப்பு வந்தால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வீட்டிலிருந்தே இணைப்பில் சேர்ந்துகொள்வார். மாணவர் சொல்வதை எங்களுக்கும், நாங்கள் சொல்வதை மாணவருக்கும் சொல்வார். அவர் சொன்னது இது: ஒரு குற்றம் நடப்பதாக அழைத்தவருக்கு ஐயம். மாணவர்கள் குளிர்க் கிடங்கில் வேலை பெற்றிருக்கிறார்கள். இது சட்டத்துக்கு விரோதம். பிறகு, குறிப்பாக இந்த மாணவியின் பெயர்."

அத்தையின் புருவம் நெரிந்தது. "இன்னொரு முறை சொல்லுங்கள்."

அதிகாரி இன்னொரு முறை சொன்னார். வம்பு வழக்கம்போல் வாய் சும்மா இருக்காமல் அதைத் தமிழில் முணுமுணுத்துப் பார்த்தான். "ஐயம்னா சந்தேகம். எனக்கு ஒரு சந்தேகம். வேலை பெற்றிருக்கிறார்கள்னா, வேலை வாங்கிட்டாங்க. எனக்கு ஒரு சந்தேகம், அவங்க வேலை வாங்க..."

பக்கத்தில் கைப்பை தரையில் விழுந்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணா," என்றாள். "அது நான் பேசினது."

"என்னது?"

"ஃபோன் பண்ணது நான்தான்."

அத்தை மெதுவாக அவள் பக்கம் திரும்பினாள். "கேட்டேன்னு சொன்னியே. இவங்ககிட்டயா கேட்ட?"

"ஆமா ஆன்ட்டி. எனக்கு இந்த ஊர் மொழி வகுப்புல புரியும், எழுதவும் வரும். பேசத்தான் கூச்சம். உதவி எண்ணுல தமிழ்லயும் பேசலாம், பேர் சொல்ல வேண்டாம்னு போட்டிருந்தது. அதான் கூப்பிட்டேன். எனக்கு ஒரு சந்தேகம், பயிற்சின்னு சேத்துட்டு அவங்க எங்களை ரொம்ப வேலை வாங்கறாங்க, இது சட்டப்படி சரியான்னு கேட்டேன். அந்த மொழிபெயர்ப்பு அம்மா ரொம்ப அன்பாப் பேசினாங்க. ஆபீஸ்காரங்ககிட்ட அவங்க பேசறப்போ எனக்கு ஃபோன்ல பாட்டு மட்டும்தான் கேட்டுது. இவங்க விசாரிச்சுட்டாங்க கண்ணு, எல்லாம் சரிதான், தைரியமா வேலைக்குப் போன்னாங்க. அதனாலதான் உங்ககிட்ட அதைப் பெரிசாச் சொல்லல."

கண்ணாடி அத்தையின் கைக்கு வந்துவிட்டது. அதை வைக்க அவளுடைய மேசை அங்கே இல்லை. அதைக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"புரியுதாடா? பாடத்துல சந்தேகம்னாலும் சந்தேகம்தான், திருடன் மேல சந்தேகம்னாலும் சந்தேகம்தான், நமக்கு. இவங்க மொழியில அது ரெண்டும் வேற வேற வார்த்தை. இவ கேட்டது கேள்வி. அங்க போய்ச் சேந்தது குற்றச்சாட்டு."

"வேலை வாங்கறாங்கன்னா கசக்கிப் பிழியறாங்கன்னு அர்த்தம். அதை வேலை கிடைச்சு வாங்கிட்டாங்கன்னு ஆக்கிட்டாங்க," என்றான் வம்பு. "எங்களைங்கற வார்த்தையை முழுங்கியாச்சு."

"அவங்கன்னு இவ சொன்னது அந்த மாமாவை." அத்தையின் குரல் நடுங்கியது. கோபத்தில்தான். "ஏம்மா, உன் உயிரை எடுக்கறவனுக்கும் அவங்க இவங்கன்னு மரியாதை குடுத்துப் பேசினியே. அவன்னு சொல்லியிருந்தா இப்படித் திருப்பியிருக்க முடியுமா? அந்த மரியாதையை வெச்சே உன்னை மாட்டி விட்டுட்டாங்க."

"ஒருவேளை தெரியாம மொழிபெயர்த்திருப்பாங்களோ?" என்றாள் அந்தப் பெண். இன்னும் அவளுக்கு மனசு வரவில்லை.

"தமிழ் தெரியாத மிஷின் பண்ணியிருந்தா தப்புன்னு விட்டுடலாம். உன்னைக் கண்ணுன்னு கூப்பிட்ட பொம்பளைக்கு வேலை வாங்கறதுக்கு அர்த்தம் தெரியாதா? பச்சைக் குழந்தைக்குத் தெரியும்."

அத்தை அதிகாரியிடம் எல்லாவற்றையும் அந்த ஊர் மொழியில் சொன்னாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை அசைத்தார்.

"நீங்கள் இந்தப் பெண்ணுக்கு வேண்டியவர். மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கு வெகுகாலமாக உதவுகிறவர். எனக்கு உங்கள் மொழி தெரியாது. நான் யாரை நம்புவது?"

"யாரையும் நம்ப வேண்டாம். உங்கள் காதை நம்புங்கள். அது போதும்."

அத்தை கேட்டது சின்ன விஷயம். வம்பு வெளித் தாழ்வாரத்திலிருந்து உதவி எண்ணுக்கு ஒரு மாணவன் மாதிரி ஃபோன் செய்வான். அதிகாரி அலுவலக ஊழியர் மாதிரி இணைப்பில் இருந்து கேட்க வேண்டும். அர்த்தம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஓசையைக் கவனித்தால் போதும். அதிகாரி யோசித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததாலோ என்னவோ, ஃபோனை எடுத்தார்.

தாழ்வாரத்தில் வம்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டான். மறுமுனையில் வெல்லப்பாகு மாதிரி ஒரு குரல்.

"சொல்லுங்க கண்ணு."

"வணக்கங்க. எனக்கு ஒரு சந்தேகம். எங்க புரொஃபசர் ரொம்ப நல்லவங்க. ஆனா அவங்க எங்களை ரொம்ப வேலை வாங்கறாங்க. லீவு நாள்ல லைப்ரரி திறந்திருக்குமா?"

"அவ்வளவுதானா கண்ணு? இருங்க, கேட்டுச் சொல்றேன்." வம்புவின் ஃபோனில் பாட்டு ஓட ஆரம்பித்தது. உள்ளே அதிகாரியின் ஃபோனில் அந்தக் குரல் அந்த ஊர் மொழிக்குத் தாவியது. சுத்தமான, அழகான மொழிபெயர்ப்பு. "இந்த மாணவருக்கு ஒரு கேள்வி. அவருடைய பேராசிரியர் மிகவும் நல்லவர், ஆனால் அவர்களைக் கடுமையாக உழைக்க வைக்கிறார். விடுமுறை நாட்களில் நூலகம் திறந்திருக்குமா?"

"திறந்திருக்கும்," என்றார் அதிகாரி. அவர் குரல் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது.

வம்பு உள்ளே வந்தபோது அவர் ஃபோனை வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டினார். உதவி எண்ணுக்கு வரும் பேச்செல்லாம் பதிவாகும். அந்த நாள் பதிவு ஓடியது. அறையில் அந்தப் பெண்ணின் தயங்கித் தயங்கி வரும் குரல் கேட்டது. எனக்கு ஒரு சந்தேகம். அவங்க எங்களை ரொம்ப வேலை வாங்கறாங்க. இது சட்டப்படி சரியா?

அதிகாரி பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டார். ஒரு குழந்தை புதுப் பாட்டைக் கற்றுக்கொள்வதுபோல உதட்டை அசைத்துப் பார்த்தார். "சந்தேகம்," என்றார் தட்டுத் தடுமாறி. "வேலை வாங்கறாங்க. இதே ஓசைதான். இப்போது இந்த இளைஞர் சொன்னதும் இதேதான்."

"ஆமாம்."

"இவர் சொன்னால் கேள்வி. அவள் சொன்னால் குற்றம். இவர் சொன்னால் உழைக்க வைக்கிறார். அவள் சொன்னால் வேலை பெற்றிருக்கிறார்கள்."

 

பதிவு மேலே ஓடியது. அன்று இணைப்பில் இருந்த ஊழியர், மாணவர் யாருடைய பெயராவது தெரியுமா என்று கேட்டார். மொழிபெயர்க்கும் குரல் தமிழில் கேட்டது வேறு. "எந்த கோர்ஸ் கண்ணு நீங்க?" அந்தப் பெண் சொன்னாள், "ஃபுட் சேஃப்டிங்க. கடைசி செமஸ்டர்." உடனே அந்தக் குரல் ஊழியரிடம் அந்தப் பெண்ணின் முழுப் பெயரையும், எழுத்துப் பிசகாமல், சொல்லிற்று.

அதிகாரி பதிவை நிறுத்தினார். அவருடைய கன்னம் சிவந்துவிட்டது. "இதற்கு எனக்கு உங்கள் மொழி தெரிய வேண்டாம். பெயர் எந்த மொழியிலும் பெயர்தான். இந்தப் பெண் அதைச் சொல்லவே இல்லை. பிறகு அது அவருக்கு எங்கிருந்து கிடைத்தது?"

"அதை நாங்கள்தான் உங்களைக் கேட்க வேண்டும்," என்றாள் அத்தை. "இந்த அம்மாவை வேலைக்கு வைத்தது யார்?"

"நான்தான். அவருடைய கணவர் பரிந்துரைத்தார். உங்கள் நாட்டு மாணவர்களுக்காக நிறைய செய்கிறவர். பயிற்சி மையம் நடத்துகிறார்." சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் கடைசி வார்த்தையில் தேய்ந்து நின்றது.

கிடங்கில் எந்தப் பிள்ளை இதை யாரிடம் கேட்டாலும் அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. மாமா வேலை வாங்குவார். பிள்ளைகள் பயந்துபோய்ச் சட்டம் கேட்க ஃபோன் செய்தால் மாமி எடுப்பாள். யார் அடங்கி இருப்பார்கள், யார் வாயைத் திறப்பார்கள் என்று வீட்டுக்குள்ளேயே தெரிந்துவிடும். மாமா வீட்டில் சொல்லிச் சிரித்த 'சந்தேகம்' இவள்தான் என்று மாமிக்கு அந்த கோர்ஸ் பெயரே காட்டிக்கொடுத்திருக்கும். வாயைத் திறந்தவளை அலுவலகத்தின் கையாலேயே ஊருக்கு அனுப்பிவிடலாம். இவர்கள் கையில் அழுக்கே ஒட்டாது.

அத்தை எழுந்தாள். அந்த ஊர் மொழி சரளமாக வருகிறவள்தான். ஆனால் கோபம் முற்றினால் தமிழ்தான் வரும்.

"செடி வெச்சிருக்கீங்க. மெத்தை போட்ட நாற்காலி வெச்சிருக்கீங்க. சுவத்துல கைகோத்துட்டுச் சிரிக்கற பிள்ளைங்க படம் வேற. அந்தப் பிள்ளைங்க வாய் திறந்தா அதைக் கேக்கறதுக்கு உங்ககிட்ட சொந்தமா ஒரு காது இல்ல. அதையும் அவன் பெண்டாட்டிகிட்ட வாடகைக்கு வாங்கியிருக்கீங்க. இவளை இன்னைக்கு அனுப்பியிருப்பீங்க. ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். இவ அம்மா அங்க என் பொண்ணு வெளிநாட்டுல படிக்கறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு உக்காந்திருப்பா."

அதிகாரி வம்புவைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

வம்பு வாயைத் திறந்தான். மழுப்பலாக, வேடிக்கையாக, எதையாவது சொல்லிச் சமாளிப்பது அவனுக்குக் கைவந்த கலை. வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், அத்தை சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தான்.

அதிகாரி எழுந்து போய்ச் சுவரோரம் நின்று, யாரிடமோ ஃபோனில் குறைந்த குரலில் பேசினார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஏமாற்றப்பட்டு, தானாகவே வந்து விளக்கம் கேட்ட மாணவர்மீது இங்கே நடவடிக்கை கிடையாது. உங்கள் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் படிப்பை முடிக்கலாம்." அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். "வளாகத்துக்குள் வேலை வேண்டுமென்றால் நானே ஏற்பாடு செய்கிறேன். நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று வம்பு பார்த்துக்கொண்டே இருந்தான். அது வரவே இல்லை. காலையிலிருந்து அழுது அழுது வீங்கியிருந்த கண்களில் இப்போதுதான் வேறு ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. அத்தையிடம் தினமும் பார்க்கிறவன் என்பதால் அது என்னவென்று அவனுக்கு உடனே தெரிந்தது.

"கிடங்கின்மீது முறையான புகார் பதிவாக வேண்டும்," என்றார் அதிகாரி. "உள்ளே வேலை செய்த ஒருவர் சொன்னால்தான் மற்ற மாணவர்களையும் காப்பாற்ற முடியும். பயப்பட வேண்டாம். உங்கள் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளலாம். வேறு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைக்கட்டுமா? இல்லை, இவரே சொல்கிறாரா?"

வம்பு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டான். அந்தப் பெண் கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

"வேண்டாம்," என்றாள். தமிழில் இல்லை. அந்த ஊர் மொழியில். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, இலக்கணம் முன்னும் பின்னுமாக வந்தன. அவள் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "நான் பேசுவேன். தப்பாகப் பேசுவேன். நீங்கள் கேளுங்கள்."

அதிகாரி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என் பெயர் மறைக்க வேண்டாம். அவர்கள் என் பெயர் கொடுத்தார்கள், என்னைக் கேட்காமல். இப்போது நான் கொடுக்கிறேன். முதல் வரியில் போடுங்கள்."

அவள் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள். அதிகாரி ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டினார். அவள் மேசைமேல் குனிந்து, விரலால் திரையைத் தொட்டுக் காட்டி, திருத்தச் சொன்னாள்.